இணையப் பதிப்பும் பாட ஆய்வும்

பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். நூலின் முகப்பேட்டில் ஒருவர் பெயரே பொறிக்கப்பெற்றிருப்பினும், பதிப்பு என்பது ஒருவர் உழைப்பால் மட்டும் அமைவதன்று. ஏடு தந்தவர், ஏட்டைப் படித்துச் சொன்னவர், படியெடுத்தவர், ஒப்புநோக்கியவர், அச்சுப்படி திருத்தியவர், பொருளுதவி புரிந்தவர் எனப் பலர் கைபட்டே, டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் இத்தகையதே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அநுபந்தத் தொகுதியாகவும் வெளிவந்த அப் பேரகராதி, சொற்சீட்டுக்களை எழுதி அடுக்கிய பலருடைய கூட்டுழைப்பின் பயனாகும். ஆதலின், பலர் கூடி நூல் பதிப்பித்தல் இணையம் வந்தபின் தோன்றிய புதுமை என்று கூறுவார் கூற்றுப் பொருந்தாது. மாறியது யாதெனின், கூடுவோர் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடும், கூடுவோர் யாவர் என்பதைத் தலைமைப் பதிப்பாசிரியர் ஒருவரே உறுதி செய்தல் வேண்டும் என்னும் முறையுமே. இம் மாற்றத்தால் தமிழ்ப் பாட ஆய்வுக்கு விளைந்த நலன்களையும் இடர்களையும் ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கம்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்த தேவர்சோலை என்னும் ஊரிலிருந்து தமிழாராய்ச்சி செய்யப் புகும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முன்னாளில் அவர் சங்கச் செய்யுளிற் பயிலும் ஒரு சொல்லின் ஆட்சியை அறிய விரும்பின், கூடலூருக்கு வந்து, நடுவட்டம் வழியாக மலையேறி உதகையை அடைந்து, ஆங்கும் வேண்டிய நூல் கிடையாதாயின் கோவைக்கோ சென்னைக்கோ செல்லுதல் வேண்டும். ஒரு சொல்லின் பொருட்டு இரண்டு நாள் கழியும். இன்று அவர் தம் கைப்பேசியிலேயே லெக்சிகனைப் புரட்டலாம். சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அதனையும், வின்சுலோ, பப்ரிசியுசு ஆகியோர் அகராதிகளையும் இணையத்தில் யாவர்க்கும் திறந்து வைத்துள்ளனர். தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் நாட்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுதல் இம்மலைப்பக்கத்துக்குப் புதிதன்று. எனினும், முன்னரே பெற்றுச் சேமித்த மின்னூல் அப்போதும் கைவிடாது. பெருநகரத்து ஆய்வாளர்க்கும் மலையூர் மாணவர்க்கும் இடையே இருந்த தொலைவு இவ்வாறு பெரிதும் குறைந்தது. குறைந்த தொலைவின் வழியே வந்து சேரும் பாடம் எத்தகைய பாடம் என்பதே இனி நாம் ஆராயத்தக்கது.

தமிழ் எழுத்து கணிப்பொறியில் ஏறிய வரலாற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. பாட ஆய்வோடு தொடர்புடைய அளவிற் கூறுதும். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் தமிழ் எழுத்துருக்கள் மலேசியா, கனடா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த தமிழரால் தனித்தனியே ஆக்கப்பெற்றன. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு, கனடாவில் சீனிவாசன் ஆக்கிய ஆதவின், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை என்பன அவற்றுட் சில. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் தமிழ்க் கவிதைகள் இணையப் பக்கத்தில் இடம்பெற்றன. ஆயின் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றியமையால், கருத்துப் பரிமாற்றம் தடைப்பட்டது. இக்குறை நீக்கவே 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்ற முறைகளும் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பெற்றன. வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்னும் முறையைக் கைக்கொண்டனர். 1991இலேயே முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறி, உலகமொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக நிற்பது, நாளடைவில் ஏனையவற்றை விலக்கி நிலைபெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்று, அச்சு முதலிய பணிகளுக்கு டேஸ் 16 என்னும் முறையையும் உடன்வைத்தது.

இவற்றுக்கிடையே நடந்ததே மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற இதற்குச் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக விளங்கிய கல்யாணசுந்தரம் தலைவராகவும், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவராகவும் அமைந்தனர். தமிழ்த்துறையினர் அல்லாதார் தமிழ் நூல்களைக் காக்க முன்வந்தமை கருதத்தக்கது. பொறியாளர், மருத்துவர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர் என உலகின் பல மூலைகளிலிருந்த தன்னார்வலர், ஊதியமின்றி, ஒருவர் தட்டெழுத மற்றொருவர் மெய்ப்பு நோக்கும் முறையில் நூல்களை மின்னுரு ஆக்கினர். முதல் எண் பெற்றது திருக்குறள். இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட எண்களையுடைய அத் தொகுதியில் சங்க நூல்கள் முதல் சிற்றிலக்கியங்கள் வரை, அச்சில் மறைந்துபோன தலபுராணங்கள் உட்பட, பல உள்ளன. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டெழுதியவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்கள் குறிக்கப்பெறுதல் அவர்கள் மரபு. அச்சுக்காலத்தில் நன்றியுரையின் இறுதி வரியில் ஒடுங்கிய பெயர்கள் இங்கே நூலின் நெற்றியில் நின்றன. இது நல்ல மரபு.

விக்கிமூலம் இப்பணியை வேறொரு நெறியில் மேற்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் இ. மயூரநாதன் முதலியோர் முயற்சியால் தோன்றியது. 2017இல் அதன் கட்டுரைகள் ஓரிலக்கத்தைக் கடந்தன. அதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் ஒளிப்படிகள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை, பத்தாண்டுகட்கு முன் ஏற்றப்பெற்றன. அங்கே ஒரு பக்கத்தின் இடப்புறத்தில் எழுத்தாக்கிய பாடமும், வலப்புறத்தில் அச்சுப்பக்கத்தின் ஒளிப்படியும் அருகருகே நிற்கும். எழுத்துணரி என்னும் பொறி படித்துத் தந்த பாடத்தை ஒருவர் ஒளிப்படியோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அப்பக்கம் மஞ்சள் நிறம் பெறும். அவரல்லாத மற்றொருவர் மீண்டும் ஒப்பிட்டு உறுதி செய்தாலன்றிப் பச்சை நிறம் பெறாது. ஐயப்பாடு உடைய பக்கத்துக்கும் தனி நிறம் உண்டு. யார், எந்நாள், எவ்வெழுத்தை மாற்றினார் என்பது அழியாமற் பதிவாகும். ஒருவர் தவறாக மாற்றியதைப் பின்வருவார் முன்னிருந்த நிலைக்கு மீட்கலாம். ஏடெழுதியோன் தன் மனம்போல ஒரு சொல்லை மாற்றி எழுதியபோது, மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கே சான்று எஞ்சாது போன பழங்காலத்தை நினையுமிடத்து, இப்பதிவின் அருமை புலனாகும்.

இனி, பிழைகளை நோக்குவாம். இதுவே இப்பொருளில் மிகச் சுவையுடைய பகுதி என்பது என் கருத்து. ஏனெனில், கணிப்பொறி செய்யும் பிழைகள் புதியன அல்ல. ஏட்டுச்சுவடிகளைப் படித்தோர் நூற்றாண்டுக்கு முன் எதிர்ப்பட்ட பிழைகளே உருமாறி மீண்டும் வந்துள்ளன.

ஏட்டெழுத்தில் ரகரத்துக்கும் ஆகாரக் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே எழுதப்பெறும். குறிலுக்குப் புள்ளியிடும் தொல்காப்பிய நெறி எழுதுவோரிடம் வழக்கொழிந்தது. பின்னர் வீரமாமுனிவர் செய்த திருத்தம் அச்சின் வழியே நிலைபெற்றது. ஆகவே, 'பரவை' என்பதும் 'பாவை' என்பதும், 'கரடு' என்பதும் 'காடு' என்பதும் ஏட்டில் ஒரே உருவின. இடம் நோக்கிப் பொருள் நோக்கி யாப்பு நோக்கியே எது பாடம் எனத் துணிதல் வேண்டும். பழைய அச்சுநூல்களை எழுத்துணரி படிக்கும்போதும் இதுவே நேர்கின்றது. ரகரத்தின் அடிக்கால் தேய்ந்தோ மங்கியோ இருப்பின் பொறி அதனை ஆகாரக் காலாகக் கொள்ளும். பொறிக்கு யாப்புத் தெரியாது. 'பரவை' கடலென்றும் 'பாவை' பெண்ணென்றும் உணர்தற்கு வழியில்லை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட அச்சில் ணை, லை, னை, றா, னா முதலியன பெற்றிருந்த பழைய வடிவங்களும் பொறிக்கு இடர் செய்கின்றன. இப் பிழைகளைத் திருத்தற்கு வேண்டிய அறிவு ஏட்டாராய்ச்சி பயின்றாரிடமே உள்ளது என்பதைத் தமிழ்த்துறைகள் உணர்தல் வேண்டும். சுவடியியல் பழம்பொருட்காட்சிக்கு உரிய கலை என எண்ணுவார் உளர். விக்கிமூலத்தின் திருத்தப்பெறாப் பக்கங்களைப் பத்து நிமிடம் நோக்கின் அவர் எண்ணம் மாறும்.

இரண்டாவது வகைப் பிழை, உரையும் குறிப்பும் மூலத்துட் புகுதல். ஏட்டின் ஓரத்தே யாரோ எழுதிய விளக்கச் சொல்லைப் பின்வந்த எழுத்தாளன் மூலமென மயங்கி உள்ளே சேர்த்தமையும், அது இடைச்செருகலாய் நிலைத்தமையும் பாட ஆய்வாளர் நன்கறிந்தவை. எழுத்துணரி பக்கத்தின் அடிக்குறிப்பை உடற்பகுதியோடு ஒட்டிவிடுகின்றது. இரு பத்திகளாக அச்சிட்ட பக்கத்தை ஒரே வரியாகப் படித்து, இடப்பத்தியின் அடிக்கு வலப்பத்தியின் அடியைத் தொடராக்குகின்றது. கருதாது செய்யும் பொறியின் பிழைக்கும், கருதிச் செய்த எழுத்தாளன் பிழைக்கும் காரணம் வேறு, விளைவு ஒன்றே.

மூன்றாவது வகை இவற்றினும் நுண்ணியது. அருஞ்சொல்லைக் கண்டு, அதனை எழுத்துப்பிழை எனக் கொண்டு, பழகிய சொல்லாக மாற்றுதல். 'அளகு' என்பது கோழி முதலிய பறவையின் பெண்பாலைக் குறிக்கும் பழஞ்சொல். மெய்ப்பு நோக்குவோர் ஆர்வம் மிகுந்தவராயும் இலக்கியப் பயிற்சி குறைந்தவராயும் இருப்பின் அது 'அழகு' ஆகிவிடும். 'பரவை' 'பறவை' ஆகும். சொற்பிழை திருத்தும் மென்பொருளும் இதனையே செய்கின்றது. அதன் சொற்பட்டியலில் இல்லாத சொல் யாவும் அதற்குப் பிழை. அரிய பாடமும் எளிய பாடமும் முரணுமிடத்து அரியதே மூலமாதல் கூடும் என்னும் பாட ஆய்வு நெறியை இங்கே நினைக. பிழை திருத்துகின்றோம் என்னும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுதலின், இவ்வகைப் பிழை பிறவற்றினும் எளிதில் மறைந்து நிற்கும்.

பிழைகள் ஒருபுறம் இருக்க, பிழையின்றி ஏறிய பாடத்திலும் தேடுவோர் அறியவேண்டுவன சில உள. ஒருங்குறியில் 'மௌவல்' என்பதன் ஔகாரக் குறிக்கு ஒரு குறியெண் உண்டு. அக்குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின், பலர் எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'மெளவல்' என எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று, பொறிக்கு வெவ்வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அன்றியும், ஒருங்குறியில் ஆகார உயிரெழுத்து வேறு, உயிர்மெய்யில் வரும் ஆகாரக் கால் வேறு. ஆகவே 'ஆரம்' என்று தேடுவார்க்குப் 'பொன்னாரம்' கிட்டாது. 'தூண்' என்று தேடினால் 'கற்றூண்' வாராது. புணர்ச்சியால் திரிந்த சொற்களும், சீர் எல்லையிற் பிளவுண்ட சொற்களும் தேடுபொறியின் கண்ணுக்குத் தப்புகின்றன. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புக்களின் நெறியில் அமைந்த மின்பாடத்தில் கிடைக்கும் சொல், சீர் பிரித்த மின்பாடத்தில் கிடையாதொழிவது இக் காரணத்தாலேயே.

இதனை இவ்வளவு விரித்துரைத்தற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு சொல் சங்க இலக்கியத்தில் வழங்கவில்லை என்பதைக் கொண்டு ஒரு நூலின் காலத்தைப் பிற்படுத்துதல் நம் துறையில் நெடுநாளைய வழக்கம். பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை முதலியோர் இம்முறையைக் கையாண்டபோது, அவர்கள் நூல்களை முழுதும் படித்துச் சொல்லடைவு தொகுத்து முடிவு கூறினர். முடிவுகளை மறுப்பாரும் அம்முறையை மறுத்திலர். இன்றோ தேடற்பெட்டியில் ஒரு சொல்லை இட்டு, விடை வாராமையைக் கண்டு, 'இச்சொல் எட்டுத்தொகையில் இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதுதல் எளிதாயிற்று. இல்லை என்னும் முடிவுக்கு அஃது ஒருபோதும் சான்றாகாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவையும், தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் இருவரும் கணிப்பொறித் துணையால் ஆக்கி 1992இல் வெளியிட்ட சங்கச் சொல்லடைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்னரே அவ்வாறு எழுதலாம். அவற்றுட் சொற்கள் மனிதர் கையாற் பிரிக்கப்பட்டவை.

மற்றும் ஒன்று. மதுரைத் திட்டத்தின் மின்பாடங்கள் பல பிற தளங்களிற் படியெடுக்கப்பெற்றுள்ளன. படியெடுத்தோர் பலர் தலைப்புக் குறிப்பை, அதாவது எப்பதிப்பைப் பின்பற்றியது, யார் தட்டெழுதினர் என்பவற்றை விட்டுவிட்டனர். இதனால் ஒரே பாடம் ஐந்து தளங்களிற் காணப்படும், ஐந்தும் ஒத்திருக்கும். ஐந்து சான்றுகள் ஒத்தன என மாணவர் மகிழ்வர். ஒரு தாய் ஏட்டிலிருந்து எழுதிய ஐந்து ஏடுகள் ஒரு சான்றாகவே எண்ணப்படும் என்பது பாட ஆய்வின் முதற்பாடம். தாய் ஏட்டின் பிழை சேய் ஏடுகள் அனைத்திலும் இருத்தல்போல, முதல் தட்டெழுத்தாளர் விட்ட ஓர் அடி ஐந்து தளங்களிலும் விடுபட்டிருக்கும். பொதுவாய் அமைந்த பிழைகளைக் கொண்டு ஏடுகளின் குலமுறை காணும் நெறியை இத் தளங்களுக்கும் பொருத்திக் காண்பது முதுகலை மாணவர்க்கு மிகச் சிறந்த பயிற்சியாகும். ஒரு சிறுநூலை எடுத்துக்கொண்டு ஒரு பருவத்தில் முடிக்கலாம். செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பற்றி ஈண்டு மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. அவை இல்லாத அடியையும் உள்ளதுபோற் கட்டித் தரவல்லன. அவற்றின் விடையை மேற்கோளாகக் காட்டுதல் ஆய்வாகாது.

அடிக்குறிப்புக்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஐயரவர்கள் பதிப்புக்களின் பெருமதிப்பு, மூலத்தின்கீழ் அவர் தொகுத்துக் காட்டிய பாடபேதங்களில் உள்ளது. மின்னுருவாக்கிய தன்னார்வலர் பலர் மூலத்தை மட்டும் தட்டெழுதிப் பேதங்களை விடுத்தனர். அவர்களைக் குறைகூறல் தகாது. மூலமேனும் யாவர்க்கும் கிடைக்கவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். ஆயினும் பேதமற்ற பாடமே கண்ணிற் படுதலால், தமிழ் நூல்களுக்கு ஒரே பாடம் உண்டு என்னும் மயக்கம் புதிய தலைமுறையாரிடம் வேரூன்றிவிட்டது. இதற்கு மாற்றான முயற்சிகளும் நிகழ்ந்தன. எவா வில்டன் அவர்கள் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியின் சார்பில் நற்றிணையை 2008இலும் குறுந்தொகையை 2010இலும் ஏடுகளை ஒப்பிட்டு ஆய்வுப் பதிப்பாக வெளியிட்டார். அவர் தலைமையில் 2014இல் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வுத் திட்டமும், தமிழ்ச் சுவடிகளை ஒளிப்படமாக்கித் தொலைவிலுள்ள அறிஞர் ஒருங்கே படித்து ஒப்புநோக்கும் முறையைப் பின்பற்றியது. ஏட்டின் ஒளிப்படத்தை இருவர் இரு நாடுகளில் இருந்து ஒரே நேரத்திற் பார்த்து, 'இது ரகரமா, காலா' என்று வாதிடுதல், ஐயரவர்கள் காலத்தில் கடிதம் எழுதி மாதக்கணக்கிற் காத்திருந்த வாதமே.

கல்வி பற்றிச் சுருங்கக் கூறுவாம். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17இல் தொடங்கப்பெற்று, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிற்று. அயல்நாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்கான தொடக்கப் பாடங்கள் முதல் பட்டக்கல்வி வரை அதன் பணி விரிந்தது. 2017இல் அதன் மின்னூலகம் திறக்கப்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகளின் பயனாக ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் ஏறுகின்றன. பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் தூசு படிந்த தமிழ் ஆய்வேடுகள் இன்று தேவர்சோலையிலும் படிக்கப்படுகின்றன. இதனால், முன் செய்த ஆய்வையே தலைப்பு மாற்றிச் செய்வாரின் துணிவு ஓரளவு குறைந்தது. அதுவே பெரிய பயன்.

தேவர்சோலையை இக் கட்டுரையில் நான் மீண்டும் மீண்டும் சுட்டுதற்கு அதன் தொலைவு மட்டும் காரணமன்று. இவ்வட்டாரம் தமிழாய்வுக்கு இரு வகையில் உரிமையுடையது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகள் வாழ்ந்த தமிழர், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படித் தாயகம் திரும்பியபோது, அவருட் பெருந்தொகையினர் நீலகிரியிற் குடியேறினர். அவர்க்கென்றே தமிழ்நாட்டரசு 1968 முதல் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவை 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அவர்களுடன் நூல்கள் மிகுதியாக வந்தில. கோ. நடேசய்யரின் எழுத்துக்களும், சி.வி. வேலுப்பிள்ளையின் ஆக்கங்களும், மலையகத்து இதழ்களும் கடல் கடந்து அப்பாலே நின்றன. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். நூல் ஓரிடத்தில் மட்டும் இருத்தலின் கேட்டை அத் தீ காட்டிற்று. 2005இல் ஈழத்துத் தன்னார்வலர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் ஒளிப்படியாக்கிக் காத்து வருகின்றது; மலையக வெளியீடுகளும் அவற்றுள் அடங்கும். கூடலூர்ப் பகுதியில் வாழும் தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் தம் பாட்டனார் தோட்டத்தில் வாசித்த இதழை இன்று தாமும் வாசிக்க இயலும். மலையக இலக்கியத்தின் தொடர்ச்சியை நீலகிரியிலே தேடும் ஆய்வு இன்னும் பெரிதும் செய்யப்படாதது. செய்வார்க்கு மூலநூல் இல்லை என்னும் தடை இனி இல்லை.

மற்றொன்று மொழியியல் உரிமை. தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர், பணியர் முதலியோர் பேசும் திராவிட மொழிகள் இம்மலையைச் சூழ்ந்துள்ளன. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோதம், கோத்தம், படகம், குடகு மொழிகளை ஆராய்ந்தார். அவரும் பரோவும் இணைந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இல் வெளிவந்தது. 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்புப் பெற்றது. அதுவும் சிகாகோத் தளத்தில் இன்று யாவர்க்கும் கிடைக்கின்றது. எருமை என்னும் சொல்லை அதிற் காணின், கன்னடத்து 'எம்மெ'யும், தோதவரின் குறுகிய வடிவமும் ஒரே பதிவில் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். எருமையையே வாழ்வின் நடுநாயகமாகக் கொண்ட மக்கள் அச்சொல்லை ஓரசையாகச் சுருக்கிய விந்தையைத் தேவர்சோலை மாணவர் தம் ஊரிலிருந்தே ஆராயலாம். அகராதி அச்சிட்டதைச் சரிபார்க்கச் சில மணி நேரப் பயணத்தில் அம்மொழி பேசுவோரையும் காணலாம். அச்சகராதியைத் தொலைவிலிருந்து பயன்கொள்ளும் ஐரோப்பிய ஆய்வாளர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. எனவே நூல் நகரத்தில், சொல் மலையில் என்றிருந்த பிரிவு நீங்கி, இரண்டும் ஒருவர் கையில் அமைந்துள்ளன.

ஆயினும் இங்கே எழுத்துச் சிக்கல் மீண்டும் எழுகின்றது. எமனோ 1939இல் எழுதிய கட்டுரையில், படகத்தில் நாமடித்து ஒலிக்கும் உயிர்கள் உண்டென்று காட்டினார். தோதத்தின் உயிர்களும் உரசொலிகளும் தமிழ் நெடுங்கணக்கில் அடங்குவன அல்ல. இன்று படகப் பாடல்களையும் பேச்சையும் இளைஞர் தமிழெழுத்தில் இணையத்தில் எழுதுகின்றனர்; மகிழத்தக்க செயலே. எழுத்திற் குறிக்கப்படாத ஒலிவேறுபாடு, ஏட்டிற் குறிக்கப்படாத எகர ஏகார வேறுபாடுபோல, ஒரு தலைமுறை கழிந்தபின் படிப்பாரால் உணர இயலாது போகும். ஏட்டுக்காவது யாப்பும் உரையும் துணைநின்றன. விக்கிமூலத்தில் எழுத்தாக்கிய பாடத்தின் பக்கத்தே அச்சுப்பக்கத்தின் ஒளிப்படி நிற்றல்போல, இம்மொழிகளில் எழுதப்படும் ஒவ்வொரு பாட்டின் பக்கத்தேயும், இசைவு பெற்று எடுத்த, பாடியவர் குரற்பதிவு நிற்றல் வேண்டும். யார் பாடியது, எவ்வூரில், எந்நாளில் என்னும் குறிப்பும் அதனோடு அமைதல் வேண்டும். குரல் மூலம், எழுத்து அதன் ஒரு படி. படியிலே பிழை கண்டவிடத்து மூலத்தை மீண்டும் கேட்டுத் திருத்தலாம். கூடலூர் வட்டத்துப் பணியர், குறும்பர் மொழிகளுக்கு இத்தகைய தொகுதி ஒன்று அமைக்க வேண்டிய கருவிகள் இன்று ஒரு மாணவரின் கைப்பேசியிலேயே உள்ளன.